வெல்ல முடியாதவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



சென்ற திங்கள் நம் பங்கு இளைஞர்களின் விளையாட்டு விழா இனிதே நடந்தேறியது. பரிசளிப்பு முடிந்து, ஒலிபெருக்கிக்காரர் தம் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளை. தடை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த சிறுவன் ஒருவன், தான் பெற்ற சிறு கிண்ணத்தைச் சட்டைக்குள் மறைத்தவாறு மாமரத்தடியில் நின்றிருந்தான். "ஏன் தம்பி, கிண்ணத்தை ஒளித்து வைக்கிறாய்?" என்று கேட்டோம். "அப்பா திட்டுறாங்க சாமி. ரெண்டாவது வர்றதுக்கா ஆறு மாசமா ஓடினேன்னு கேக்குறாங்க" என்றான். அவனுக்கு விடை சொல்ல நமக்கு உடனே நா எழவில்லை.

அன்று மாலை பங்கு இல்லத்துத் திண்ணையில் இளைஞர் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் சொன்னார்: "சாமி, ஒரே ஆள் எப்போதும் வென்றுகொண்டிருந்தால் விளையாட்டில் சுவையே இல்லை. முடிவு தெரிந்த கதையை யார் படிப்பார்கள்?" ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உடனே மறுத்தார்: "மலை உயரமாக இருப்பதால்தான் ஏறுகிறவன் வருகிறான். மேட்டைப் பார்க்க யார் வருவார்?" வழக்கு நம்மிடம் வந்தது. விளையாட்டில் நமக்குள்ள பற்று நம் பங்கு மக்கள் யாவரும் அறிந்ததே. ஆதலின் இத்திங்கள் இப்பகுதியை அவ்வழக்கிற்கே ஒதுக்குகிறோம். மாமரத்தடியில் நின்ற சிறுவனுக்கும் இதிலேயே விடை கிடைக்கும் என நம்புகிறோம்.

பத்துத் தடைகள்

எடுத்துக்காட்டுக்கு நாம் பெரிதும் விரும்பும் 400 மீட்டர் தடை ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஓட்டத்தின் தொடக்கத்திலிருந்து 45 மீட்டரில் முதல் தடை நிற்கும். அதன்பின் 35 மீட்டருக்கு ஒன்றாக ஒன்பது தடைகள். இறுதித் தடைக்குப் பின் 40 மீட்டர் வெறும் ஓட்டம். ஆடவர்க்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், மகளிர்க்கு 76.2. காண்பதற்கு எளிது, ஓடிப் பார்த்தோர்க்கே அதன் கொடுமை தெரியும். இளங்குருமடத்தில் நாம் பயின்ற நாளில் சவுக்குக் கம்புகளைக் கட்டித் தடைகள் அமைத்து ஓடியதுண்டு. ஆறாவது தடை வரை நாமும் வீரரே. ஏழாவது தடையில் கால் நம் சொற்கேளாது.

இவ்வோட்டத்தின் நுட்பம் யாதெனில், இரு தடைகளுக்கிடையே எத்தனை காலடி வைப்பது என்பதே. ஒற்றைப்படை எண்ணில் வைத்தால் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால் முன்னே செல்லும். இரட்டைப்படை எண்ணில் வைத்தால் கால்கள் மாறி மாறி முன்செல்லும். இரு கால்களாலும் தாவத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் பெரிய காலடி வைப்பவர், களைப்பு மிகும்போது சிறிய காலடிக்கு இறங்கியாக வேண்டும். அவ்வாறு இறங்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தோற்கின்றனர்.

ஒன்பது ஆண்டு, ஒன்பது திங்கள், ஒன்பது நாள்

1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் உகாண்டா நாட்டு ஜான் அகீ-புவா, வளைவு மிகக் கடுமையான முதல் ஓடுபாதையில் ஓடி, 47.82 வினாடியில் உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். உகாண்டா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. நான்கு ஆண்டுகள் கழித்து மான்ட்ரியாலில் அச்சாதனையை முறியடித்தார் எட்வின் மோசஸ் என்னும் அமெரிக்க இளைஞர். இவர் அட்லாண்டாவிலுள்ள மோர்ஹவுஸ் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். அக்கல்லூரிக்குச் சொந்தமாக ஓடுதளமே கிடையாது. நகரத்துப் பள்ளிகளின் ஓடுதளங்களைத் தேடிச் சென்று பயிற்சி செய்தார். ஏனையோர் 14 அல்லது 15 காலடி வைத்த இடத்தில், முதல் தடையிலிருந்து பத்தாம் தடை வரை 13 காலடியே வைத்தார். மான்ட்ரியாலில் அவர் 47.63 வினாடியில் வந்து சேர்ந்தபோது, இரண்டாமவர் ஒரு வினாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

1977 ஆகஸ்ட் 26ஆம் நாள் பெர்லினில் மேற்கு ஜெர்மனியின் ஹாரல்ட் ஷ்மித் அவரைத் தோற்கடித்தார். அதன்பின் 1987 ஜூன் 4ஆம் நாள் வரை மோசஸ் தோற்கவில்லை. 9 ஆண்டு, 9 திங்கள், 9 நாள். தொடர்ந்து 122 ஓட்டங்களில் வெற்றி! இடையே 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கை அவருடைய நாடு புறக்கணித்தமையால் ஒரு பதக்கம் கைக்கெட்டாமற் போயிற்று. 1983இல் தம் 28ஆம் பிறந்த நாளன்று கோப்லென்ஸ் நகரில் 47.02 வினாடியில் ஓடினார். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் மீண்டும் ஒலிம்பிக் தங்கம். அவ்விழாவின் தொடக்க நாளில் வீரர் அனைவர் சார்பிலும் உறுதிமொழி கூறும் பேறும் அவருக்கே கிட்டியது. பத்துத் தடைகளிலும் தடுமாறாத அம்மனிதர், உறுதிமொழியின் சொற்களில் தடுமாறி, சொன்னதையே திரும்பச் சொன்னார். வெல்ல முடியாதவரும் மனிதரே என உலகம் கண்டுகொண்ட அந்த நொடியை நாம் பெரிதும் போற்றுகிறோம்.

1987 ஜூனில் மாட்ரிட் நகரில் டானி ஹாரிஸ் என்னும் இளையவர் அவரை வென்றார். இளங்குருமடத்து வாசகசாலையில் செய்தித்தாளின் ஒரு மூலையில் அதனைப் படித்தபோது, நெருங்கிய உறவினர் ஒருவர் தோற்றதுபோல் நாம் வருந்தினோம். அவருடைய கதை முடிந்தது எனவே எண்ணினோம். ஆனால் அவ்வாண்டு ரோமாபுரியில் நடைபெற்ற உலகப் போட்டியில் நிகழ்ந்தது என்ன? மோசஸ் 47.46 வினாடி, ஹாரிஸ் 47.48, ஷ்மித் 47.48. வெற்றித் தொடருக்கு முன் அவரைக் கடைசியாக வென்றவரும், அத்தொடரை முறித்தவரும் இருபுறமும் நெருக்க, நூறில் இரண்டு பங்கு வினாடியில் 32 அகவை நிரம்பியிருந்த மோசஸ் வென்றார். 122 வெற்றிகளைவிட இவ்வொரு வெற்றியே பெரிதென்பது நம் கருத்து. தோல்வியின் சுவை அறியாதவன் வெல்வதைக் காட்டிலும், அதனை அறிந்தவன் மீண்டும் வந்து வெல்வது அரிதன்றோ?

இரண்டாவதாக வந்தவரின் கணக்கு

இனி நம் காலத்திற்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 3ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த ஆடவர் இறுதி ஓட்டத்தை, தனியொரு ஓட்டம் என்ற அளவில், இவ்விளையாட்டின் தலைசிறந்த ஓட்டமாக நாம் கருதுகிறோம். நார்வே நாட்டுக் கார்ஸ்டன் வார்ஹோல்ம் 45.94 வினாடியில் வந்தார். அதற்கு முந்தைய உலகச் சாதனை 46.70, அதுவும் அவருடையதே. 46 வினாடிக்குள் இத்தடைகளைக் கடக்க இயலும் என அதுவரை ஒருவரும் காட்டியதில்லை.

ஆனால் நம் கண் சென்றது இரண்டாமவர் மேல். அமெரிக்காவின் ராய் பெஞ்சமின் 46.17 வினாடியில் வந்தார். இவர் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப் பந்துவீச்சாளர் வின்ஸ்டன் பெஞ்சமினின் மகன். கிரிக்கெட் அன்பர்கள் தந்தையை நினைவில் வைத்திருப்பார்கள். 46.17 என்பது அன்று காலை வரை நிலவிய உலகச் சாதனையைவிட அரை வினாடிக்கும் மேல் விரைவானது. உலகம் தோன்றிய நாள் முதல் அந்நொடி வரை ஓடிய எந்த மனிதனையும் அவ்வோட்டம் வென்றிருக்கும், பக்கத்து ஓடுபாதையில் ஓடிய ஒருவரைத் தவிர! வெள்ளியோடு அவர் வீடு திரும்பினார்.

அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு அதே நிலை. 2019 உலகப் போட்டியில் வெள்ளி, 2022இல் பிரேசில் நாட்டு அலிசன் டோஸ் சாண்டோஸுக்குப் பின்னால் மீண்டும் வெள்ளி, 2023இல் வெண்கலம். மாமரத்தடிச் சிறுவனின் தந்தை இவருக்கும் தந்தையாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் பெஞ்சமின் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 46.46 வினாடியில் தங்கம் அவருடையதாயிற்று. 2025 செப்டம்பரில், நான்கு ஆண்டுகளுக்கு முன் தோற்ற அதே டோக்கியோ அரங்கில், உலகப் போட்டி இறுதியில் 46.52 வினாடியில் முதலாவதாக வந்தார். கடைசித் தடையை இடித்தமையால் முதலில் அவரைத் தகுதி நீக்கம் செய்து, முறையீட்டின்பின் மீண்டும் வெற்றியளித்தனர். அவ்வோட்டத்தில் வார்ஹோல்ம் ஐந்தாவதாகத்தான் வர முடிந்தது.

அன்பர்கள் இங்கே சற்று நின்று கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம். அதே அரங்கில் 46.17 தோற்றது; 46.52 வென்றது. ஓட்டத்தின் தரத்தை வைத்து அளந்தால், தோற்ற நாளில்தான் அவர் மேலாக ஓடினார். எத்தனையாவது இடம் என்பது உடன் ஓடியவர் யார் என்பதைச் சொல்லும். எவ்வளவு நன்றாக ஓடினோம் என்பதைக் கடிகாரம் ஒன்றே சொல்லும்.

மோசஸின் வாழ்விலும் இதனைக் காணலாம். 1988இல் சியோலில் அவர் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். மாவீரன் வீழ்ந்தான் என்று பேசப்பட்டது. அன்று அவர் ஓடிய நேரம் 47.56. அவருக்குத் தங்கம் தந்த மான்ட்ரியால் ஓட்டம் 47.63; லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டம் 47.75. வெண்கலம் பெற்ற நாளில் தம் இரு தங்க நாட்களையும்விட விரைவாக ஓடியிருக்கிறார்! தம்மைத் துரத்தி வந்தவர்களை அவரே அவ்வளவு உயரத்திற்கு வளர்த்துவிட்டார்.

ஆதலின் திண்ணை வழக்கில் நம் தீர்ப்பு ஆசிரியர் பக்கமே. ஒருவரே மேலோங்கி நிற்பதால் விளையாட்டுக் கெடுவதில்லை. வார்ஹோல்ம் இல்லையேல் பெஞ்சமினுக்கு 46.17 ஏது? மகளிர் ஓட்டத்திலும் இவ்வாறே. 2021 டோக்கியோவில் சிட்னி மெக்லாக்லின் 51.46 வினாடியில் உலகச் சாதனை படைத்தபோது, இரண்டாவதாக வந்த டலைலா முகமதுவும் 51.58 வினாடியில் பழைய சாதனையைக் கடந்தே வந்தார். உயர்ந்தவர் ஒருவர் முன்செல்லும்போது பின்வருவோரும் தம்மையறியாமல் உயர்கின்றனர்.

இளைஞர் சொன்னதிலும் ஓர் உண்மை உண்டு

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. மேலோங்கி நிற்கும் ஒருவரைக் கண்டதும் கண்மூடித் தொழுவதும் பிழையே. அதே சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டர் ஓட்டத்தை 9.79 வினாடியில் வென்றபோது உலகமே வாய்பிளந்தது. மூன்று நாட்களில் ஊக்கமருந்து வெளிப்பட்டுத் தங்கம் பறிக்கப்பட்டது. மிதிவண்டிப் போட்டியில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு முறை பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் போட்டியை வென்றார். 2012இல் அவ்வேழு பட்டங்களும் நீக்கப்பட்டன. பொய்யான தங்கத்தையும் மெய்யான வெண்கலத்தையும் ஒரே ஒலிம்பிக்கில் கண்ட நாம், எது மேலென்று ஐயுறத் தேவையில்லை. போட்டி இல்லாத நாட்களிலும் வீரர்களைச் சோதிக்க வேண்டுமென்று முன்னின்று உழைத்தவர்களுள் மோசஸும் ஒருவர். வெற்றியை மட்டும் பாராமல் அதன் தூய்மையையும் காக்க முற்பட்டமையால்தான், நம் வரிசையில் அவருக்கு முதலிடம் தருகிறோம்.

இரண்டாமிடம் சிட்னி மெக்லாக்லின்-லெவ்ரோனுக்கு. ஆறு முறை உலகச் சாதனையைத் தாமே திருத்தி எழுதியவர். 2024இல் பாரிஸில் அவர் ஓடிய 50.37 வினாடி, தடையில்லாத 400 மீட்டர் ஓட்டத்திலேயே பலருக்கு எட்டாத நேரம். பின்னர் தடைகளை ஒதுக்கி வைத்து வெறும் 400 மீட்டருக்குச் சென்று, 2025 டோக்கியோ உலகப் போட்டியில் 47.78 வினாடியில் வென்றார். 1985இல் கிழக்கு ஜெர்மனியின் மாரிட்டா கோக் ஓடிய 47.60 ஒன்றே அதனினும் விரைவானது. வென்ற இடத்திலேயே அமர்ந்திராமல், தோற்கக்கூடிய இடத்தைத் தேடிச் செல்லும் இத்துணிவு நம்மைக் கவர்கிறது.

வரும் பருவங்கள்

2026ஆம் ஆண்டு, திறந்தவெளி உலகப் போட்டியும் ஒலிம்பிக்கும் இல்லாத ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் புடாபெஸ்டில் மூன்று நாள் இறுதிப் போட்டி ஒன்றைப் புதிதாக வகுத்திருக்கின்றனர். ஆசிய விளையாட்டுகளுக்கு அதே திங்களில் ஜப்பானின் ஐச்சி-நகோயா. 2027இல் உலகப் போட்டிக்குப் பீஜிங். 2028இல் ஒலிம்பிக்குக்கு மீண்டும் லாஸ் ஏஞ்சலஸ். நாம் பெரிதும் எதிர்நோக்குவது நெதர்லாந்தின் ஃபெம்கே போல் செய்யவிருப்பதை. 2023, 2025 ஆகிய இரு உலகப் போட்டிகளிலும் தடை ஓட்டத் தங்கம் வென்ற இவர், 2026 பருவம் முதல் 800 மீட்டருக்கு மாறுவதாக அறிவித்தார். பெரிய போட்டி இல்லாத ஆண்டே புதியதைக் கற்க ஏற்ற ஆண்டு. காலம் பார்த்து எடுத்த முடிவு என்போம். ஆடவரில் பெஞ்சமின், வார்ஹோல்ம், டோஸ் சாண்டோஸ் மூவரும் 46.30க்குள் ஓடியவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் வரை இம்மூவருள் எவரும் தனியரசராக இருக்க இயலாது என்பது நம் கணிப்பு. திண்ணை இளைஞர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி இது!

லாஸ் ஏஞ்சலஸ் என்றதும் நம் நெஞ்சில் எழும் நினைவு வேறு. 1984 ஆகஸ்ட் 8ஆம் நாள் அந்நகரில், ஒலிம்பிக்கில் முதன்முறையாக மகளிர்க்கு இத்தடை ஓட்டம் நடந்தது. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கெல் தங்கம் வென்றார். நம் பி. டி. உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. நூறில் ஒரு பங்கு வினாடி! அப்போது நாம் பள்ளி மாணவர். வானொலிச் செய்தியைக் கேட்ட தெருவே சற்று நேரம் பேச்சற்று இருந்தது இன்றும் நினைவிலிருக்கிறது. பதக்கப் பட்டியலைப் பார்ப்பவர்க்கு அவ்வோட்டத்தில் உஷா என்றொருவர் ஓடியதே தெரியாது. ஆனால் அந்த 55.42 இந்நாட்டின் தேசியச் சாதனையாக 39 ஆண்டுகள் நிலைத்தது. 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுகளில் கோயம்புத்தூர் மங்கை வித்யா ராம்ராஜ் சரியாக அதே 55.42 வினாடியில் ஓடி அதனைச் சமன் செய்தார். மறுநாள் இறுதியில் வெண்கலமும் வென்றார். இரட்டையராக அவருடன் பிறந்த நித்யாவும் அவ்விளையாட்டுகளில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் கலந்துகொண்டவர்.

நான்காமிடம் ஒன்று, 39 ஆண்டுகள் இந்தியப் பெண்களுக்கு இலக்காக நின்றிருக்கிறது. அதை நோக்கி எத்தனை பெண்கள் எத்தனை விடியற்காலைகளில் ஓடியிருப்பார்கள்! அவ்வாறிருக்க, அதனைத் தோல்வி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இனி, அந்தத் தந்தைக்கும் அவரைப் போன்ற பெற்றோர்க்கும் ஒரு சொல். தோல்வியைக் கொண்டாடுமாறு நாம் கூறவில்லை. வெல்லவேண்டும் என்ற வேட்கை நல்லதே. அது இல்லாதவன் ஓடவே தேவையில்லை. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனையாவது வந்தாய்?" என்பதாக இருக்கவேண்டுமா? "சென்ற முறையைவிட எப்படி ஓடினாய்?" என்று கேட்டால் என்ன? தேர்வு மதிப்பெண்ணுக்கும் இதுவே பொருந்தும். வகுப்பில் முதலிடம் ஒருவருக்கே உண்டு. முன்னேற்றமோ அனைவர்க்கும் உண்டு. முதலாவது வந்தால் மட்டுமே தந்தையின் முகம் மலரும் என்று அறிந்த பிள்ளை, ஒன்று ஓட்டத்தை விட்டுவிடும். அன்றேல் பென் ஜான்சனின் வழியைத் தேடும். இரண்டுமே அவ்வீட்டுக்கு இழப்பாகும்.

இதனை எழுதி முடிக்குமுன் அச்சிறுவனை அழைத்து, இவ்வாண்டு அவன் ஓடிய நேரத்தையும் சென்ற ஆண்டு ஓடிய நேரத்தையும் நம் விழாக் குறிப்பேட்டில் காட்டினோம். ஓராண்டில் இரண்டு வினாடி குறைத்திருக்கிறான். முதலாவதாக வந்தவன் குறைத்தது அரை வினாடியே. சிறுவன் அதனை இருமுறை எண்ணிப் பார்த்தான். "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க சாமி" என்றான். ஞாயிறன்று சொல்லிவிட்டோம். கிண்ணம் இப்போது அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.